கண்ணாடி ஒழுகுவதில்லை

ஐப்பசியில் இரண்டாவது மழை பெய்து முடிவதற்குள் என் போன் அடிக்கத் தொடங்கிவிடும். கதிர்காமம், இந்திரா நகர், கோரிமேடு, தட்டாஞ்சாவடி, புதுச்சேரி டவுனுக்குள் இருக்கும் பழைய வீடுகள் என்று எங்கிருந்து வந்தாலும் பேச்சு ஒன்றுதான்: "மேஸ்திரி, கண்ணாடி ஒழுகுது."

கண்ணாடி ஒழுகி நான் பார்த்ததில்லை. கல் விழுந்து உடைந்திருந்தால் தவிர, கண்ணாடியில் தண்ணீர் புகாது, பாலிகார்பனேட்டிலும் புகாது. ஒழுகுவதெல்லாம் ஓரம். கூரையை வெட்டி வெளிச்சத்துக்கு வழி செய்தவர், கண்ணாடியும் கூரையும் சந்திக்கிற அந்த அரையடியில் என்ன செய்தார் என்று பார்த்தால் போதும். எத்தனை மழைக்கு அது தாங்கும் என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் ஒன்றும் செய்திருக்க மாட்டார். ஒரு குழாய் சிலிக்கான் வாங்கி நாலு பக்கமும் இழுத்துவிட்டுப் போயிருப்பார்.

அந்த அரையடிக்கு மடித்து வைக்கிற தகரத்தைத்தான் பிளாஷிங் என்கிறோம். என் பிழைப்பில் பாதி அதுதான்.

வழுதாவூர் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் என் பட்டறை. இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன்பிருந்தே இந்தப் பக்கம் இருக்கிறேன். தொழில் கற்றது ஒரு தகர வேலைக்காரரிடம். பட்டறையில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்போம். வாளி, புனல், அண்டா மூடி, ஓட்டு வீடுகளில் இரண்டு சரிவு சேரும் கூடுவாய்க்குத் தகரம், இறவாணத்தில் மாட்டும் மழைத்தண்ணி வாய்க்கால், இதுதான் வேலை. பிளாஸ்டிக் வந்து வாளி போனது. தளம் போட்ட வீடுகள் வந்து கூடுவாய் போனது. தகரக் கத்திரியையும் மரச்சுத்தியையும் மூட்டை கட்ட வேண்டிய நேரத்தில், டவுனில் முற்றங்களை மூட ஆரம்பித்தார்கள். அதில் எங்கள் கைக்கு மறுபடியும் வேலை வந்தது.

புதுச்சேரியின் பழைய தமிழ் வீட்டில் திண்ணை, நடை, அதைத் தாண்டினால் முற்றம். முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் தாழ்வாரம். மழை நேராக உள்ளே விழும். விழுந்த தண்ணீர் தூம்பு வழியாகத் தெருவுக்குப் போகும். ஒருவரும் அதை ஒழுகல் என்று சொன்னதில்லை. குழந்தைகள் அதில் கப்பல் விடுவார்கள். ரோமில் பாந்தியன் என்று 2ஆம் நூற்றாண்டுக் கோயில் ஒன்று இருக்கிறது. அதன் குவிமாட உச்சியில் சுமார் 9 மீட்டர் அகலத்துக்கு வட்டமாகத் திறந்தே விட்டிருக்கிறார்கள். கீழே தரையைக் கொஞ்சம் மேடாக்கி, தண்ணீர் இறங்கச் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். நம்மூர் முற்றத்தின் கணக்கேதான். வெளிச்சம் வேண்டுமென்றால் மழையும் வரும், வரட்டும், போக வழி வைப்போம் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு.

முற்றத்தை மூடுபவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கொசு, குரங்கு, திருட்டு, தூசி, ஏ.சி. என்று காரணங்கள் உண்மையானவை. பழைய வீடுகள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் ஆன பிறகு, மழையில் இலை போட்டுச் சாப்பிட யாரும் வர மாட்டார்கள். ஆனால் மூடியதும் கணக்கு மாறிவிடுகிறது. நேற்றுவரை அதே இடத்தில் விழுந்த மழைதான், இன்று அதன் பெயர் ஒழுகல். மூடுகிறவர் மேலே கண்ணாடி போடுவதோடு நிற்கிறார். அத்தனை தண்ணீரையும் இனி எந்த ஓரம் சுமக்கப்போகிறது என்று யோசிப்பதில்லை. 3 மீட்டருக்கு 4 மீட்டர் முற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 46 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன் மேல் விழுவது 5,500 லிட்டர் தண்ணீர். ஆயிரம் லிட்டர் தொட்டி ஐந்தரை. இந்த 46 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை, பிறகு சொல்கிறேன்.

தண்ணீரைக் கூரையில் எப்படி நடத்துவது என்பது புதிய படிப்பு ஒன்றும் இல்லை. கீற்று வேய்கிறவரைக் கவனித்திருப்பீர்கள். இறவாணத்தில் முதல் வரிசை, அதன் மேல் ஏறி அடுத்த வரிசை, கடைசியில் முகடு. மேல் வரிசையின் நுனி கீழ் வரிசையின் முதுகில் படுக்க வேண்டும். ஓடு போடுகிறவரும் அப்படித்தான் ஏறுவார். மங்களூர் ஓட்டில் இன்னும் ஒரு நுட்பம்: பக்கவாட்டில் காடியும் கரையும் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும், இடுக்கில் போன தண்ணீர் காடி வழியாகவே அடுத்த ஓட்டின் மேல் வந்துவிடும். பூட்டிக்கொள்ளும் இந்த ஓட்டுக்குப் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் 1841இல் கிலார்தோனி சகோதரர்கள் காப்புரிமை வாங்கினார்கள். 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை போட்டார்கள். அதன் பிறகு அந்த ஓடு நம்முடையதாகிவிட்டது. அதே ஓட்டின் அச்சில் வார்த்த கண்ணாடி ஓடு சமையலறைக்கு மேலே ஒன்றிரண்டு இருக்கும். நம் வீடுகளின் முதல் ஸ்கைலைட் அதுதான். தகரமும் வேண்டாம், சிலிக்கானும் வேண்டாம், ஒழுகவும் ஒழுகாது. ஓரம் தனியாக இல்லை, அடுத்த ஓடுதான் அதன் ஓரம்.

ஓட்டின் அளவைவிடப் பெரிய வெளிச்சம் கேட்கும்போதுதான் ஓரம் என்று ஒன்று பிறக்கிறது. அந்த ஓரத்தை எப்படிக் கட்டுவது என்று நான் சரியாகப் புரிந்துகொண்டது ஒரு பெட்டியிலிருந்து.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பிரான்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அப்பன் பாட்டன் வீட்டைப் புதுப்பிக்க வருவார்கள். அப்படி வந்த ஒரு முசியே, மாடியில் மங்களூர் ஓடு போட்ட அறைக்கு என்று வெலுக்ஸ் கூரை ஜன்னல் ஒன்றைச் சாமான்களோடு கொண்டுவந்திருந்தார். டென்மார்க்கில் 1941இல் தொடங்கிய கம்பெனி அது. ஐரோப்பாவில் கூரை ஜன்னல் என்றாலே அந்தப் பெயர் சொல்லும் அளவுக்குப் பழக்கம். ஜன்னல் ஒரு பெட்டியில் இருந்தது. இன்னொரு பெட்டி முழுக்க மடித்த தகடுகள்.

"முசியே, இது எதுக்கு இவ்ளோ தகரம்?" என்றேன்.

"ஜன்னலைவிட அதுதான் முக்கியம். அங்கே அது இல்லாம மாட்டவே மாட்டான்" என்றார்.

தகடுகளைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். கீழ்ப்பக்கத்துக்கு ஒரு துண்டு, அதன் முனையில் மடிப்பு மடிப்பாக ஒரு பாவாடை. ஓட்டின் மேடுபள்ளத்துக்கு ஏற்றபடி தட்டிப் படியவைக்க. இரண்டு பக்கத்துக்கும் நெடுந்துண்டுகள், அவற்றின் வெளி ஓரம் மேல்நோக்கி மடிந்திருக்கிறது. மேல்பக்கத்துக்கு ஒரு சின்ன வாய்க்கால் போன்ற துண்டு. இவற்றுக்கு மேலே, ஜன்னல் சட்டத்திலிருந்து தொங்கி இவற்றின் மண்டையை மூடும் மூடுதகடுகள். கீழ்த்துண்டு முதலில், பக்கம் அடுத்து, மேல்துண்டு கடைசி. கீற்று வேய்கிற வரிசைதான். பசை எங்கே என்று தேடினேன். பெட்டியில் பசையே இல்லை.

அன்று மாலை பெரியவரிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "நாம கூடுவாய்க்குப் போடுறதை அவன் நாலு பக்கமும் போட்டிருக்கான். தண்ணி மேலேர்ந்துதானேடா வருது?" என்றார்.

அந்த நாலு பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீடு கட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் ஏமாற மாட்டார்கள்.

கீழ்ப்பக்கம் எளிது. தகரம் சட்டத்தில் ஏறி நிற்க வேண்டும், கீழே ஓட்டின் மேல் குறைந்தது ஆறு அங்குலம் படிய வேண்டும். ஓட்டுக்கு அடியில் செருகக் கூடாது. செருகினால் சுத்தமாகத் தெரியும், முதல் மழையில் கைமரம் நனையும். எத்தனையோ வீட்டில் அழகுக்காக அப்படிச் செய்திருப்பதைப் பிரித்திருக்கிறேன்.

பக்கவாட்டில்தான் கைத்திறன் வேண்டும். நீளமாக ஒரே தகரத்தை வைத்தால் அது ஒரு வாய்க்காலாக வேலை செய்ய வேண்டும்; வெளி ஓரத்தை அரை அங்குலம் மேலே மடித்துவிட வேண்டும். அந்த மடிப்பு இல்லையென்றால் தண்ணீர் தகரத்தின் விளிம்பைத் தாண்டி ரீப்பர் மேல் இறங்கும். இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தால் நடுவில் தண்ணீர் மேல்நோக்கியும் ஏறும். இதைச் சொன்னால் சிலர் நம்புவதில்லை. இரண்டு கண்ணாடித் துண்டைச் சேர்த்துப் பிடித்து நுனியைத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள், ஏறுவது கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் நடுவில் ஒரு மடிப்போ சிறு இடைவெளியோ விடுகிறோம். அந்த இடைவெளிக்கு வந்ததும் தண்ணீர் நின்றுவிடும்.

மேல்பக்கம்தான் எமன். கூரைச் சரிவில் வரும் தண்ணீர் முழுக்க வந்து மோதுவது இங்கே. தண்ணீரோடு வேப்பிலை, முருங்கைப் பூ, தென்னம்பாளைத் தூசி, காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு எல்லாம் வந்து தங்கும். தங்கியது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அணைபோட்டுத் தண்ணீரை ஓட்டுக்கு அடியில் தள்ளும். நான் பார்த்த ஓட்டுக்கூரை ஒழுகல்களில் மிகுதி இந்தப் பக்கம்தான். இங்கே தகரம் ஓட்டுக்கு அடியில் ஒரு முழமாவது மேலேறிப் போயிருக்க வேண்டும். திறப்பு இரண்டரை அடிக்கு மேல் அகலம் என்றால் நடுவில் மேடுகட்டி, இரண்டு பக்கமும் வாட்டம் கொடுத்துத் தண்ணீரைப் பிரித்துவிட வேண்டும். அந்தச் சின்ன மேட்டைக் கட்டச் சோம்பல்படாத ஆளே நல்ல வேலைக்காரர்.

ஆணி விஷயம் ஒன்று. தண்ணீர் ஓடுகிற தகரத்தின் நடுவில் ஆணி, ஸ்க்ரூ எதுவும் போடக் கூடாது. ஓரத்தில் கொக்கி மாட்டித்தான் பிடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரம் கை வைக்க முடியாத சூட்டுக்குப் போய் இரவில் இறங்குகிறது. 3 மீட்டர் அலுமினியத் தகடு 40 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும். ஆணி அடித்துக் கட்டிவிட்டால் ஓட்டை பெரிதாகும், அல்லது தகடு வயிறு தள்ளும். பாலிகார்பனேட் இன்னும் மோசம். அதே நீளம், அதே சூட்டில் 8 மில்லிமீட்டர்வரை நீளும். அதற்குப் போடுகிற துளை ஸ்க்ரூவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், மேலே அகலமான ரப்பர் வாஷர் வேண்டும். ஸ்க்ரூவின் அளவுக்கே துளை போட்டு, முறுக்கு முறுக்கென்று முறுக்கி, ஆறு மாதத்தில் நட்சத்திரம் போல வெடித்த தகடுகளை வண்டி வண்டியாகப் பார்த்தாயிற்று.

இந்த நீட்டல் சுருக்கல் கணக்குத்தான் சிலிக்கானைக் கொல்கிறது. அலுமினியச் சட்டம் ஒரு அளவுக்கு நீளும், கான்கிரீட் அதில் பாதிதான் நீளும். நடுவில் ஒட்டியிருக்கும் சிலிக்கான் தினமும் இழுபடுகிறது. இடுக்கின் அடியிலும் இரண்டு பக்கத்திலும் சேர்த்து ஒட்டியிருந்தால் அதற்கு இழுபட இடமே இல்லை, கிழியும். கடையில் வாங்கும்போது புளித்த காடி வாசனை அடிக்கிற சிலிக்கான் ஒன்று உண்டு, மலிவு. அது குளியலறைக் கண்ணாடிக்கு சரி. சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் பிடிக்காது, உலோகத்தையும் அரிக்கும். தூசி மேலும் பாசி மேலும் எந்த சிலிக்கானும் பிடிக்காது. பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே இழுத்தால் புதியதும் பிடிக்காது. சிலிக்கானை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூடுதகட்டின் மண்டையில், சுவரில் வெட்டிய காடியில், துணைக்கு வைக்கலாம். அது நாளை உரிந்து போனாலும் வீடு ஒழுகக் கூடாது. அப்படிக் கட்டியிருந்தால்தான் அது பிளாஷிங். உரிந்தவுடன் ஒழுகினால் அங்கே இருந்தது வெறும் பசை.

தளம் போட்ட வீட்டில் கதை வேறு. அங்கே ஓடும் சரிவும் இல்லை. திறப்பைச் சுற்றி ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் மேடு கட்ட வேண்டும்; சுர்க்கியும் தட்டோடும் போட்டு முடித்த தரைமட்டத்திலிருந்து ஆறு அங்குலம். மேடு கட்டியது என்னவோ ஆறுதான், பிறகு மேலே கூலிங் டைல்ஸ் ஒட்டி மூன்றாக்கிவிட்டார்கள் என்றால் பயனில்லை. வாட்டர்புரூபிங் பூச்சு தளத்தோடு நிற்காமல் மேட்டின் மேல் ஏறி உச்சிவரை போக வேண்டும், மூலையில் சிமெண்டால் சரிவு கொடுத்து. அதன் மேல் தகர மூடி தொப்பி போல் உட்கார்ந்து, மேட்டின் வெளிப்பக்கம் இரண்டு மூன்று அங்குலம் தொங்க வேண்டும். தொங்கும் விளிம்பைக் கொஞ்சம் வெளியே வளைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் விளிம்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடும். மொத்தம் இவ்வளவுதான்.

டவுனுக்குள் இருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கைவைப்பதற்கு முன் நான் இரண்டு முறை யோசிப்பேன். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாகக் கோணல் வரிசையில் சுண்ணாம்பில் வைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் தட்டி இறுக்கிய தளம் அது. மேலே தட்டோடு. இந்தியத் தரக் கட்டளையில் ஐ.எஸ். 2119 என்று இதற்குத் தனி எண்ணே இருக்கிறது. அந்தச் செங்கற்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. நடுவில் கட்டிங் மிஷின் வைத்து வெளிச்சத்துக்கு ஓட்டை போட்டால் பக்கத்து வரிசைகள் பிடி இழக்கும். கட்டையை வெட்டவே கூடாது. இரண்டு கட்டைக்கு நடுவில் கிடைக்கிற அகலத்தில்தான் திறப்பு, அல்லது முறையாகக் குறுக்குக் கட்டை கொடுத்து. சுண்ணாம்புத் தளத்தின் மேல் சிமெண்டில் மேடு கட்டினால் இரண்டும் சேராது, இடுக்கு விழும். மேடும் சுண்ணாம்பில்தான் கட்ட வேண்டும். சுண்ணாம்பு அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் தின்னும் என்பதால், தகரம் தொடுகிற இடத்தில் தார் பூச வேண்டும்.

இந்தத் தளம் ஒழுகினால் இடத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஓரத்தில் நுழைந்த தண்ணீர் கட்டையைப் பிடித்துக்கொண்டே ஆறடி போய் வேறு அறையில் சொட்டும். வீட்டுக்காரர் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே பூசிக்கொண்டே இருப்பார். கட்டையின் சுவருக்குள் இருக்கும் முனை ஓசையில்லாமல் இற்றுப்போகும். கடற்கரையில் இருந்த பழைய மேரி கட்டடம், 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை இந்த ஊரே பார்த்தது. இப்போது அதே இடத்தில் அதே தோற்றத்தில் மறுபடியும் கட்டியிருக்கிறார்கள். ஊறிப்போன பழைய கட்டடத்துக்கு மழை அவகாசம் கொடுக்காது.

ஒழுகலைத் தேடுவதற்கு என்னிடம் மிஷின் ஒன்றும் இல்லை. தோட்டத்துக் குழாயும் ஒரு உதவியாளும்தான். கீழ்ப்பக்கத்தில் மட்டும் தண்ணீர் விட்டுக் கால்மணி நேரம் காத்திருப்போம். சொட்டவில்லையா, பக்கவாட்டு, அதுவும் இல்லையா, மேல்பக்கம். கீழிருந்து மேலே போக வேண்டும். நேராக மேலே விட்டால் எல்லா ஓரமும் நனைந்து எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். தட்டைத் தளமென்றால் துணியால் தூம்பை அடைத்துத் தண்ணீர் கட்டி, பக்கத்துக்கு ஒன்றாகத் துவைக்கிற சொட்டு நீலமும் கொஞ்சம் குங்குமமும் கரைப்போம். உள்ளே எந்த நிறம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் பிரிக்க வேண்டியதுதான்.

ஒருமுறை ரெட்டியார்பாளையம் பக்கம் ஒரு வீடு. நல்ல அலுமினியச் சட்டம், நல்ல கண்ணாடி, பிளாஷிங்கும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒழுகியது. சட்டத்தின் கீழ்ப்பகுதியில் சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடியின் ரப்பரைத் தாண்டி வருகிற கொஞ்சநஞ்சத் தண்ணீர் உள்வாய்க்காலில் விழுந்து அந்தத் துளைகள் வழியே வெளியே போகத்தான் அவை. எனக்கு முன்னால் வந்தவர், "இங்க பாருங்க சார், இவ்ளோ ஓட்டை" என்று காட்டி, ஒன்று விடாமல் சிலிக்கான் அடைத்துவிட்டுக் காசு வாங்கிப் போயிருக்கிறார். ஒரு கம்பியை எடுத்துக் குத்தி எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். ஒழுகல் நின்றது. வேலை செய்யாமல் கூலி கேட்கிறேனே என்று அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை நன்றாக நினைவிருக்கிறது.

மார்கழியில் இன்னொரு வகை அழைப்பு வரும். மழையே இல்லை, விடியற்காலையில் சொட்டுகிறது என்பார்கள். அது ஒழுகல் இல்லை. தெளிந்த வானத்தின் கீழே தகரமும் பாலிகார்பனேட்டும் இரவில் சில்லிட்டுப் போகும், வீட்டுக்குள் இருக்கிற ஈரக்காற்று அதன் அடிவயிற்றில் பட்டு வேர்க்கும். காற்று போய்வர மேலே சந்து விடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். இதற்குப் போய்ப் பூச்சு பூசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உலோகம் பற்றி ஒரு வார்த்தை. கதிர்காமம் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளித்தான் இருக்கிறது, ஆனாலும் உப்புக்காற்று வரும். ஜி.ஐ. தகட்டில் வெட்டுவாய் முதலில் துருப்பிடிக்கும். அதை வெளியே தெரியவிடாமல் உள்ளே மடித்துவிட வேண்டும். அலுமினியம் நிற்கும், ஆனால் அதற்கு மேலே செம்பு இருக்கக் கூடாது. இடிதாங்கியின் செம்புப் பட்டையிலிருந்து வடிந்த தண்ணீர் அலுமினியத்தில் புள்ளி புள்ளியாய் ஓட்டை போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஐரோப்பாவில் ஈயத்தகடு போடுவார்கள், தட்டிப் படியவைக்க அதற்கு இணை இல்லை. மழைநீரைச் சேமித்துக் குடிக்கிற வீட்டில் நான் அதைத் தொட மாட்டேன்.

இனி அந்த 46. இந்த ஊர் பார்த்த இரண்டு புயல்கள் எனக்கு இரண்டு பரீட்சை. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. அது காற்றின் பரீட்சை. மரங்கள் சாய்ந்தன, ஷீட்டுகள் பறந்தன, சட்டத்தோடு ஸ்கைலைட்டுகள் பிய்ந்தன. பிளாஷிங் நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே இடமில்லை, போனது போனதுதான்.

2024 நவம்பர் 30 இரவு வந்த ஃபெஞ்சல் அப்படி இல்லை. புதுச்சேரி அருகே கரையேறி அங்கேயே மணிக்கணக்கில் நின்றுவிட்டது. மறுநாள் காலைவரை 24 மணி நேரத்தில் பெய்தது சுமார் 46 சென்டிமீட்டர். அதற்கு முன் பேசப்பட்ட பெருமழை 2004 அக்டோபர் 31இல் பெய்த 21. அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். காற்று முதலில் வடக்கிலிருந்து அடித்தது, மையம் தாண்டியதும் திரும்பியது. வடகிழக்குப் பருவமழைக்குப் பழகிய ஊர் இது. வடக்கும் கிழக்கும் மட்டும் பார்த்துத் தகரம் மடித்து, மற்ற பக்கம் சிலிக்கானை நம்பிய வீடுகள் அத்தனையும் அன்று உள்ளே அழுதன. தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடங்களில் கூரையைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை, அது வேறு. தண்ணீர் வடிந்த பிறகு அழைப்புகள் வந்தன. நான் போய்ப் பார்த்த வீடுகளில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: நாலு பக்கமும் மேலிருந்து கீழாக அடுக்கி மடித்த தகரம் இருந்த இடத்தில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை, கண்ணாடி மலிவானதாக இருந்தாலும். விலை உயர்ந்த கண்ணாடி போட்டு ஓரத்தை விட்டவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வாரம்தான், டிசம்பர் முதல் வாரத்தில், பாரிஸ் நகரத்துக் கூரைகளில் துத்தநாகத் தகடு மடிக்கிற தொழிலாளர்களின் கைத்திறனை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வெலுக்ஸ் கொண்டுவந்த முசியே போன் செய்து சொன்னார். "உன் வேலைக்குத்தான் பட்டம் கொடுத்திருக்காங்க" என்றார். அப்போது நான் இடுப்பில் கயிறு கட்டி ஒரு ஓட்டுக்கூரையில் வேப்பிலை வாரிக்கொண்டிருந்தேன். நம்மிடம் தகரம் மடிக்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பெரியவர் இல்லை. ஐ.டி.ஐ.யில் ஷீட் மெட்டல் படித்து வருகிற பையன்கள் ஏ.சி. டக்ட் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே நிழலும் மாதச் சம்பளமும் இருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்காரர்களிடம் ஒரே வேண்டுகோள். ஸ்கைலைட் போட விலைப்பட்டியல் வாங்கும்போது கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் கேட்காதீர்கள். பிளாஷிங் என்ன உலோகம், எத்தனை அங்குலம் ஏறுகிறது, எத்தனை அங்குலம் படிகிறது, மேல்பக்கத்தில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுத் தனி வரியாக எழுதி வாங்குங்கள். "சிலிக்கான் அடிச்சிடலாம் சார்" என்று பதில் வந்தால் அடுத்த ஆளைப் பாருங்கள். ஏற்கெனவே ஒழுகுகிறதா, ஆடி ஆவணியில் கூப்பிடுங்கள். ஓரம் காய்ந்திருக்கும், பிரித்து மடித்துத் தண்ணீர் விட்டுப் பார்த்துத் தருகிறேன். ஐப்பசியில் கூப்பிட்டால் தார்ப்பாய் கட்டித்தான் தர முடியும்.